இதழ் வரிசைகளின் மீதான மாறுநிலைக் காற்றியக்க விசைகள்

மாறுநிலைக் காற்றியக்க விசைகள் என்பவை விசையாழி (டர்பைன்), அமுக்கி (கம்ப்ரசர்) போன்ற சுழற்பொறிகளின் இதழ் வரிசைகள் மீது, நேரத்துக்கு நேரம் மாறியவாறு செயற்படும் விசைகள் ஆகும். இவை பொதுவாகச் சராசரி விசையைவிடச் சிறியவை. எனினும் இடைவிடாது மாறுவதால் இதழ்களில் அதிர்வையும் உலோகக் களைப்பையும் உண்டாக்கி, முறிவுக்குக் காரணமாகக்கூடும்.

தோன்றும் விதம்

இப்பொறிகளில் நிலையான இதழ் வரிசையும் சுழலும் இதழ் வரிசையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நிலையான ஒவ்வோர் இதழின் பின்னும் வேகம் குறைந்த ஓட்டப்பட்டை ஒன்று உருவாகிறது. இது பின்சுவடு எனப்படும். சுழலும் இதழ் இப்பட்டையைக் கடக்கும்போது, அதனை வந்தடையும் ஓட்டத்தின் வேகமும் கோணமும் மாறுகின்றன. அதனால் விசையும் மாறுகிறது. வரிசைகள் நெருங்கியிருப்பின், ஒன்றின் அழுத்தப்புலமும் மற்றொன்றைப் பாதிக்கும். இவ்விரு விளைவுகளையும் கெம்ப், சியர்சு ஆகியோர் 1953, 1955 ஆம் ஆண்டுகளில் கணித முறையில் ஆராய்ந்தனர்.

அதிர்வெண்

எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் விசையாழியில் 60 நிலையான இதழ்கள் இருந்தால், சுழலும் ஒவ்வோர் இதழும் நொடிக்கு 3000 பின்சுவடுகளைக் கடக்கும். ஒரு மணி நேரத்தில் இது 1 கோடியே 8 இலட்சம் ஆகும். இவ்வதிர்வெண் இதழின் இயல்பு அதிர்வெண்ணுடன் பொருந்தினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, அதிர்வின் வீச்சு பன்மடங்காகும்.

நரோரா விபத்து

இதழ் முறிவின் விளைவுக்கு உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம் சான்றாகும். 1993 மார்ச் 31 அன்று அதிகாலையில், அதன் முதல் அலகிலுள்ள தாழ் அழுத்த விசையாழியின் கடைசி வரிசையில் இரு இதழ்கள் உலோகக் களைப்பால் முறிந்தன. சமநிலை இழந்த சுழல்தண்டு கடுமையாக அதிர்ந்தது. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஐதரசன் வெளியேறித் தீப்பற்றியது. மின்வடங்கள் எரிந்ததால் அவ்வலகு சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. ஊழியர்கள் அணு உலையை நிறுத்தி, தீயணைப்பு நீரேற்றிகளைக் கொண்டு வெப்பத்தை அகற்றினர். கதிரியக்கம் வெளியேறவில்லை. இந்நிகழ்வு பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் 3 ஆம் நிலையில் வகைப்படுத்தப்பட்டது.

தடுப்பு முறைகள்

* இயக்க வேகத்தில் ஒத்ததிர்வு நேராதவாறு இதழ்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் தெரிவு செய்தல். இதற்குக் கேம்பல் வரைபடம் பயன்படுகிறது.
* வரிசைகளுக்கிடையே போதிய இடைவெளி விடுதல். ஆனால் இது பொறியின் நீளத்தைக் கூட்டும்.
* இதழ்களைக் கம்பி அல்லது பட்டையால் பிணைத்து அதிர்வைத் தணித்தல்.
* இதழ்களின் அடிப்பகுதியில் விரிசல் உள்ளதா எனக் குறித்த காலங்களில் சோதித்தல்.