ஒரே ஏரி, இரண்டு சோதனை

வீராணம் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் நேரே காட்டுமன்னார்கோவில் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. அதே ஏரித் தண்ணீர்தான் 2004 முதல் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் போய், சென்னைக் குழாய்களிலும் வருகிறது. இப்படிப்பட்ட ஏரியின் தண்ணீர் நல்லதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. குடிக்கவா, பாய்ச்சவா என்பதைப் பொறுத்து சோதனையே மாறிவிடும்.

குடிநீருக்கு முதல் கவலை கிருமி. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரப்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டும் கூடாது. கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். அதே நைட்ரேட் நெல்லுக்குத் தழைச்சத்து! சுத்திகரிக்கும் முன் ஏரிநீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். சாக்கடை கலக்கும் ஏரியில் அது சரியும்.

வயலுக்குக் கிருமியைவிட சோடியம் பெரிய பகை. கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டு அதன் விகிதத்தைக் கணக்கிடுவார்கள். விகிதம் ஏறினால் களிமண் துகள்கள் ஊதிப் பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கும். கட்டிய தண்ணீர் கீழே இறங்காது, வேருக்குக் காற்று போகாது, காய்ந்ததும் மேல்மண் இறுகும். சில ஆண்டுகளில் நிலம் களராகிவிடும். பாசன நீரில் இந்த விகிதத்தை அதே வாரியம் 26 வரை அனுமதிக்கிறது. களிமண் வயலுக்கு இது மிகவும் தாராளம் என்பேன். 1954இல் வெளியான அமெரிக்க உவர்மண் ஆய்வகத்தின் வகைப்பாடு, உப்பு குறைந்த நீரிலேயே 18ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்கிறது. உப்பு கூடக்கூட அந்த எல்லையும் இறங்கும். பைகார்பனேட் மிகுந்த நீர் இன்னும் மோசம். கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துச் சோடியத்தைத் தனியே விட்டுவிடும்.

எப்போது எடுத்த சாம்பிள் என்பதையும் கேட்க வேண்டும். வெயிலில் நீர் ஆவியாக ஆக உப்பு செறிவதால், ஏரி நிரம்பிய மார்கழியின் அறிக்கை சித்திரைக்குச் செல்லாது. கிருமிச் சோதனைக்கான நீரைக் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

களர் தட்டிய வயலுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்யாமல், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலைய அறிக்கையைப் பார்த்துப் போடுங்கள்.