தொடக்க இருப்பு

கணக்கைச் சரிபார்க்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது தொடக்க இருப்பு. அது பிழையானால் பின்வரும் கூட்டல் கழித்தல் எல்லாம் வீண். கிளையில் இருபதாண்டுகளாகச் செய்துவரும் இந்தச் சரிபார்ப்பை, என் மகனின் இரத்த அழுத்தத்தில் செய்யத் தவறினேன்.

ஒன்பது வயதில் அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உறுதியாயிற்று. மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் பரிந்துரைத்தார். மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டைக் கூட்டும் இம்மருந்து, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்றே உயர்த்தக்கூடும். பெரும்பாலான குழந்தைகளிடம் இவ்வுயர்வு சில புள்ளிகளே, சிலரிடம் கூடுதலாகும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மாத்திரைக்கு முன் அளந்தபோது மேல் அளவு 90. ஒரு மாதம் கழித்து, வேறோர் இடத்தில், 108. அவன் முதன்முறையாக ஒரு தேர்வை எழுந்து போகாமல் முழுவதும் எழுதி முடித்த மாதம் அது. ஆயினும் அன்றிரவு நானும் மனைவியும் மாத்திரையை நிறுத்திவிடுவதென்றே பேசி முடித்தோம்.

மறுநாள் மருத்துவர் கேட்டது ஒன்றே: “முதல் முறை கையில் எந்தப் பட்டையைச் சுற்றினார்கள்?” பெரியவர்களுக்கான பட்டை! மெலிந்த கையில் அகலமான பட்டை அளவைக் குறைத்துக் காட்டும். குறுகிய பட்டை கூட்டிக் காட்டும். அவர் சொன்னபடி சனி, ஞாயிறு மாத்திரை தராமல், திங்கள் காலை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, சிறுவர் பட்டையால் அளந்தோம். 104. உண்மையான உயர்வு நான்கே. மருந்து தொடர்ந்தது.

சிறுவர்க்கு 120/80 என்ற கணக்கு பொருந்தாது. வயது, பாலினம், உயரம் சார்ந்த அட்டவணையை மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்து தொடங்குமுன், அளவு மாறும்போதெல்லாம், பின்னர் ஆறு மாதத்துக்கொருமுறை அளப்பது வழக்கம். குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தால் முன்பே தெரிவிப்பது அவசியம். மயக்கம், நெஞ்சுவலி தோன்றினால் தாமதம் கூடாது. இதே கோளாறுக்குத் தரப்படும் குளோனிடின் அழுத்தத்தைக் குறைக்கும் தன்மையது. அதைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். நாங்கள் அன்றிரவு எடுத்த முடிவை அம்மருந்தில் எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது வீட்டில் ஒரு குறிப்பேடு உண்டு: நாள், நேரம், எந்தக் கை, எந்தப் பட்டை, அளவு. முதல் வரியில் இருந்த 90ஐ அடித்து, 104 என்றெழுதி, பழக்கதோஷத்தால் அருகில் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன்.