பாரிஸ் நகரத்து சங்கீத ஆசாரியர்

புது வழி கண்ட சங்கீதக்காரர்களைப் பற்றிப் பேசுகையில் அவர்களுடைய கிருதிகளைத்தான் எண்ணிப் பார்க்கிறோமே தவிர, அவர்களிடம் பாடம் கேட்டவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. ஆனால் பிரான்ஸ் தேசத்து ஒலிவியே மெஸ்ஸியான் விஷயத்தில் இந்த இரண்டாவது விசாரணையே அதிக ரசமானது என்பது என் அபிப்பிராயம்.

1908-ல் ஆவிஞ்ஞோனில், கவிதை எழுதிய தாயாருக்கும் ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்த தகப்பனாருக்கும் பிறந்தவர் அவர். பத்து வயதில் டெபுஸ்ஸியின் இசை நாடகம் ஒன்றின் சுரப் புத்தகத்தை உபாத்தியாயர் பரிசாகத் தர, அதிலேயே மூழ்கிப்போனார். 1931 முதல் 1992-ல் காலமாகும் வரையில் பாரிஸில் திரினிதே தேவாலயத்தின் ஆர்கன் வாத்தியத்தை வாசித்து வந்தார்.

யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாகிக் கெர்லிட்ஸ் முகாமில் அடைபட்டிருந்த காலத்தில், பியானோ, வயலின், செல்லோ, கிளாரினெட் ஆகிய நான்கிற்கும் அவர் இயற்றிய கிருதி, 1941 ஜனவரி 15-ந் தேதி, கடுங்குளிரில், அழுத்திய கட்டை மேலெழும்பாத ஒரு பியானோவை வைத்துக்கொண்டு சக கைதிகளின் முன்னே அரங்கேறிற்று. செல்லோவுக்கு மூன்றே தந்திகள்தாம் இருந்தன என்று அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார்; அதை வாசித்த பாஸ்கியேயோ நான்கும் இருந்தன என்று சாதித்தார். பக்திமான்களுக்கு ஞாபகமும் சற்றே புராணமாகிவிடுகிறது போலும்.

அந்தக் கிருதியின் முதற் பகுதியில் பியானோ வாசிக்கும் 17 கால அளவுகள், சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் கண்ட ராகவர்த்தனம் முதலிய மூன்று தேசி தாளங்களிலிருந்து எடுத்தவை. அவற்றின் மேல் 29 சுரக்கூட்டுகள் வரிசையாக வந்து சுழல்வதால், தாளமும் சுரமும் ஒருங்கே எடுப்புக்குத் திரும்புவதற்குள் அந்தப் பகுதியே முடிந்துவிடுகிறது. நம் வித்வான்கள் ஏட்டோடு விட்டுவிட்ட 120 தாளங்களை, ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் அட்டவணையிலிருந்து அவர் எடுத்து ஆண்டது ஆச்சரியந்தான். முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும் தாளக் கட்டுகளிலும் அவருக்குத் தீராத மோகம். சம்பந்தரின் மாலைமாற்றை யாராவது காட்டியிருந்தால் பரவசப்பட்டிருப்பார்.

விடுதலையாகி வந்த அவர் அதே 1941-ல் பாரிஸ் சங்கீதக் கலாசாலையில் ஹார்மொனி போதிக்கத் தொடங்கி, 1978 வரை அங்கே ஆசிரியராக இருந்தார். மொஸார்ட்டும், ஸ்டிராவின்ஸ்கியும், கிரேக்க யாப்பும், தேசி தாளமும், விடியுமுன் தோப்புகளில் நின்று அவரே குறித்து வந்த பறவைகளின் கூவலும் அவர் வகுப்பில் சமமான பாடங்கள். கட்டடக் கலைஞராகப் பிழைத்துக்கொண்டிருந்த ஸெனாக்கிஸ், மற்ற ஆசிரியர்களிடம் மனம் கசந்து இவரிடம் வந்து, ஹார்மொனியை ஆதியிலிருந்து படிக்க வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், கிரேக்கராகவும் கட்டடக் கலைஞராகவும் கணிதம் கற்றவராகவும் இருக்கிறீர், அவற்றையே சங்கீதத்தில் கொண்டுவாரும் என்று அனுப்பினாராம். தமது சாயலில் சிஷ்யர்களை வார்க்கும் ஆசை ஆசிரியர்களை எளிதில் விடுவதில்லை. இவருக்கு அது இருந்ததாகவே தெரியவில்லை. பியேர் பூலேஸ் தம் குருவின் ‘துரங்கலீலா’ என்ற கிருதியைக் கடுமையாகத் தூஷித்தவர், அவரே பின்னாளில் குருவின் புதிய கிருதிகளை முன்னின்று அரங்கேற்றினார்.

இவ்வளவுக்கும், கலாசாலை அவரை ‘கிருதி இயற்றும் துறையின் பேராசிரியர்’ என்று முறைப்படி நியமித்தது 1966-ல்தான். அதற்குள் அவரிடம் பாடம் கேட்ட பூலேஸ், ஸ்டாக்ஹௌஸன், ஸெனாக்கிஸ் மூவருமே உலகப் பிரசித்தி அடைந்திருந்தார்கள்.