உங்களுக்குத் தெரியுமா? ஸ்டியரிங் தண்டு சொல்லும் சேதிகள்

● மோதும்போது மடங்கும்: பழைய கார்களில் ஸ்டியரிங் தண்டு ஒரே இரும்புக் கம்பி. நேருக்கு நேர் மோதினால் ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பில் பாயும். 1967 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளுக்குள் மடங்கும் தண்டைப் பொருத்தியது. 1968 முதல் அமெரிக்காவில் சட்டமே வந்தது: மணிக்கு சுமார் 48 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதினால், தண்டு 127 மி.மீ.க்கு மேல் பின்னால் வரக்கூடாது.

● சாவி திரும்பவில்லையா? பெரும்பாலும் ஸ்டியரிங் லாக்கின் இறுக்கம்தான். சக்கரத்தை இருபுறமும் லேசாக அசைத்தபடியே சாவியைத் திருப்புங்கள். பலவந்தம் செய்தால் சாவி உடையும்.

● ஹாரன் அடிக்காமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால்? ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற நாடா வயர் அறுந்திருக்கலாம். புதியதை நடுநிலையில் வைத்துப் பொருத்தாவிட்டால், முழுதாகத் திருப்பும்போது அதுவும் அறுந்துவிடும்.

● நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டக் டக்' சத்தமா? தண்டின் கீழ்முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஜாயின்டில் கை வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். தேய்ந்ததை மாற்றுவதே சரி. கிரீஸ் தற்காலிகத் தீர்வுதான்.

● ஸ்டியரிங்கைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். பேட்டரி இல்லாமலும் ஏர்பேக் சிறிது நேரம் வெடிக்கும் நிலையிலேயே இருக்கும்!