மூச்சுக்கும் அளவு உண்டு

1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ கடுமையாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தனர். முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர். அங்கிருந்த 'இரும்பு நுரையீரல்' ஒன்றே ஒன்றுதான். நோயாளியின் உடலைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மார்பை விரியச் செய்யும் பெட்டி அது.

மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் இதை நேர்மாறாகச் செய்தார். வெளியே அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் என்ன? தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பல வாரங்கள் பை அழுத்தினார்கள்! இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே இப்சன் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்.

இன்று பையை அழுத்தும் வேலையை வெண்டிலேட்டர் செய்கிறது. ஆனால் எவ்வளவு காற்றைச் செலுத்துவது? இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது. கடும் நோயில் நுரையீரலின் பெரும்பகுதி நீர் கோத்துக் கிடக்கும். செலுத்தும் காற்று முழுவதும் எஞ்சிய சிறு பகுதிக்குள்ளேயே நுழையும். பெரிய பலூனுக்குரிய காற்றைச் சிறிய பலூனில் அடைத்தால் என்ன ஆகும்? உயிர் காக்க வந்த கருவியே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 861 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு மூச்சு ஒன்றுக்கு, கிலோ எடைக்கு 12 மில்லி லிட்டர், மற்றதற்கு 6. முதற் பிரிவில் இறந்தோர் சுமார் 40 சதவீதம், இரண்டாவதில் 31. இந்த எடை தராசு காட்டும் எடையன்று, உயரத்திலிருந்து கணக்கிடுவது. உடல் பருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை அல்லவா? 50 கிலோவுக்கு 300 மில்லி லிட்டர். ஏறத்தாழ ஒன்றரைத் தம்ளர் காற்று!

விபத்திலோ மாரடைப்பிலோ வருபவரை முதலில் பார்ப்பவர் அவசர சிகிச்சை மருத்துவர். முதல் நிமிடங்களில் அவர் வல்லவர். மேற்சொன்னதோ நாட்கணக்கில் நீளும் வேலை: ஒரு மணிக்கு ஒருமுறை அழுத்தம், இரத்தத்தின் அமிலத்தன்மை, சிறுநீரின் அளவு என்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென அமைந்ததே 'பெல்லோஷிப்' எனப்படும் மேற்பயிற்சி. அமெரிக்காவில் அவசர மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டது 1979-இல். ஆயினும் இம்மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பயிற்சி பெற்றாலும், அந்நாட்டு வாரியத் தேர்வை எழுத முடியாதிருந்தது. சிலர் ஐரோப்பியப் பட்டயத் தேர்வை எழுதித் தேறினர்! துறைகளுக்கிடையே நிலவிய எல்லைத் தகராறு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. 2011-இல்தான் பொது மருத்துவ வாரியத்தின் வழியாகக் கதவு திறந்தது. அறுவை மருத்துவம், மயக்கவியல் வழிகள் பின்னர் வந்தன. பயிற்சி பொதுவாக இரண்டு ஆண்டுகள்.

தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாகும் வரை, நோயாளிகள் அவசரப் பிரிவிலேயே பல மணி நேரம் காத்துக் கிடப்பதும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2015-இல் அவசரப் பிரிவுக்குள்ளேயே ஒரு தீவிர சிகிச்சைக் கூடத்தைத் திறந்தது. நோயாளி படுக்கைக்காகக் காத்திராமல், அங்கேயே அளந்த மூச்சைப் பெறத் தொடங்கினார்.