மைலேஜ் எங்கே போகிறது?

"வண்டி முன்னைப் போல மைலேஜ் கொடுப்பதில்லை" என்ற புலம்பல், பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிய 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் ஓயவில்லை. அதில் உண்மை உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும், எத்தனாலில் 21தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. பழைய வகைக் கார்களுக்கு 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்ன இழப்பும் 6 முதல் 7 சதவீதம்தான். ஆனால் இது கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்ட கணக்கு. 2022-லேயே நாம் 10 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டோம். அதிலிருந்து 20-க்குப் போனதால் கூடுதலாகக் குறையக்கூடியது மூன்றரை சதவீதம் அளவே. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய பைக் 48 ஓடலாம். 40-க்கு இறங்கினால், மீதியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அந்த வேறு இடம் பெரும்பாலும் சாலை. சிக்னலில் நிற்கும் வண்டி எரிபொருளைக் குடிக்கிறது, ஓடிய தூரமோ பூஜ்யம். ஒவ்வொரு பிரேக்கும் பெட்ரோல் கொடுத்து வாங்கிய வேகத்தை வெறும் சூடாக்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் 80-லிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். குளிரும் மைலேஜைக் குறைக்கும்: அமெரிக்க அரசின் கணக்குப்படி, வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால் நகரப் பயணத்தில் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் சரிகிறது. அங்கே குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலுக்கு ஆற்றல் சற்றுக் குறைவு. ஆனால் இந்தச் சரிவில் அதன் பங்கு சிறிது, இறுகிய எண்ணெயும் சூடேறாத எஞ்சினுமே பெரும் காரணம்.

"டேங்கை நிரப்பிப் பார்த்துத்தானே சொல்கிறோம்" என்பார்கள். ஐந்து லிட்டர் போடும் பைக்கில், நிரப்பும் அளவு அரை லிட்டர் முன்பின் ஆனாலே 10 சதவீதம் பிசகிவிடும். நாலைந்து முறை நிரப்பிச் சராசரி பார்த்தால்தான் கணக்கு நிற்கும். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் இழப்பை ஈடுகட்டும் என்ற வாதமும் பாதிதான் சரி: அழுத்த விகிதம் கூடிய, அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினுக்குத்தான் அந்தப் பலன். பழைய வண்டிக்கு இல்லை.

எனக்கு நியாயமாகப் படும் குறை ஒன்று, அது விலை. பிரேசிலில் எத்தனாலும் கலப்புப் பெட்ரோலும் தனித்தனி விலையில் கிடைக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோலின் 70 சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் போடலாம் என்பது அங்கே ஓட்டுநர்களின் கணக்கு. இங்கே லிட்டரில் ஆற்றல் குறைந்தபோது விலை குறையவில்லை. அந்த மூன்றரை சதவீதத்தைப் பழைய வண்டிக்காரர் தன் கையிலிருந்துதான் கட்டுகிறார்.