மார்கழி இரவும் பொங்கல் கறியும்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் குலைக்கும் நடுவில் கிழங்குகள் குவிந்து கிடக்கும்: சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகருணை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு. இதே நாளில் கும்பகோணத்துப் பைகளில் பச்சை மொச்சையும் பறங்கிக்காய்க் கீற்றும் அவரையும் வாழைக்காயும் ஏறும். கொங்குப் பக்கம் அரசாணிக்காய் இல்லாமல் பொங்கல் சமையல் இறங்காது. வட மாவட்டங்களில் மொச்சையும் கத்தரிக்காயும். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் வீடுகளும் உண்டு. சூரியனுக்குப் படைக்கும் பொங்கல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதற்குத் தொட்டுக்கொள்ளும் கறியில்தான் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சண்டை.

தஞ்சாவூர்ப் பெண் நெல்லைக்கு வாழ்க்கைப்பட்டால் முதல் பொங்கலிலேயே இது வெளியே வந்துவிடும். “சிறுகிழங்கு இல்லாம என்னம்மா பொங்கல்?” என்பார் மாமியார். “எங்க ஊர்ல மொச்சையும் பறங்கியும் போட்டு ஏழு காய்க் கூட்டு வைப்போம் அத்தை” என்று மெதுவாக ஆரம்பிப்பாள் மருமகள். கேட்டால் இருவருமே வழக்கம் என்றுதான் சொல்வார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் இந்த வழக்கத்துக்குப் பின்னால் இரண்டு காரணங்களைத் தேடிப் பிடிக்கலாம். ஒன்று வயலில், இரவின் நீளத்தில் இருக்கிறது. இன்னொன்று தாயின் வயிற்றில் இருக்கிறது.

முதலில் வயல். சிறுகிழங்கு பெருவிரல் பருமன்தான் இருக்கும். பழுப்புத் தோலில் செம்மண் அப்பியிருக்கும். உருளைக்கிழங்கின் தம்பி மாதிரித் தெரிந்தாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. இது துளசி, கற்பூரவல்லிக் குடும்பம். வேகும்போது எழும் மண்ணும் மூலிகையும் கலந்த வாசனையை வைத்தே கண்டுபிடிக்கலாம். பூர்வீகம் ஆப்பிரிக்கா. இதன் தோலை எடுக்கக் கத்தி உதவாது. கோணிப்பையில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்து, கரடுமுரடான தரையில் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார்கள். ஒட்டியிருக்கும் மிச்சத் தோலை நகத்தால் சுரண்டுவதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போகும். கிழங்கிலுள்ள பீனால் சேர்மங்கள், காற்றுப் பட்டதும் நொதியின் துணையோடு கறுப்பு நிறமியாக மாறுகின்றன. வாழைக்காய் நறுக்கிய கையில் ஏறும் கறையும் இதே சங்கதிதான். உரித்த கிழங்கை உடனே தண்ணீரில் போடுவது காற்றைத் தடுக்கத்தான்.

தென்காசி, கடையம், பாவூர்சத்திரம் பக்கம் குற்றாலச் சாரல் தரும் ஈரத்தில் நாற்றுவிட்டு, கொடி நுனிகளைக் கிள்ளி நடுகிறார்கள். நாலைந்து மாதப் பயிர். மார்கழி, தையில் அறுவடை. ஏன் அப்போதுதான்? நாட்டு ரகச் சிறுகிழங்கைக் கோடையில் நட்டுத் தண்ணீர் பாய்ச்சினாலும் கொடி தழைக்கும்; இலை மண்டும்; தோண்டிப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி கிழங்கு இருக்காது. கிழங்கு இறங்க அதற்கு இரவு நீள வேண்டும்.

செடிகள் பகலிரவின் நீளத்தை அளக்கின்றன என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க அரசு ஆய்வாளர்கள். ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலை ரகம் கோடை முழுவதும் ஆளுயரம் தாண்டி வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. சாயங்காலத்துக்கு முன்பே தொட்டிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைச் சுருக்கினார்கள், பூத்துவிட்டது. 1920-இல் இதை வெளியிட்டார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தை இனச் செடி ஒன்றை வைத்து இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் செடி கண்டுகொள்ளவில்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டால் பூப்பதை நிறுத்திக்கொண்டது. ஆக, அது எண்ணுவது இடைவிடாத இருட்டை. தெருவிளக்கின் கீழுள்ள சோயா செடிகள் மட்டும் முற்றாமல் பச்சையாகவே நிற்பதை அமெரிக்க விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒளியை உணரும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர்.

வடக்கே போகப் போகத்தான் பகலிரவு வித்தியாசம் பெரிதாகும். திருநெல்வேலியில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 1 மணி நேரம். சென்னையில் 1½ மணி நேரம். நாம் கவனிக்காமலே கடந்துபோகும் அந்த ஒரு மணி நேரத்தை மண்ணில் படர்ந்து கிடக்கும் கொடி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இலையில் அளந்த இரவு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு எப்படித் தெரிகிறது? உருளைக்கிழங்கில் விடை கிடைத்திருக்கிறது. பூக்கச் சொல்லும் புரதத்தின் உறவுக்காரப் புரதம் ஒன்றுதான் அங்கே கிழங்கு வைக்கச் சொல்கிறது என்று 2011-இல் மாட்ரிட் ஆய்வுக்குழு காட்டியது. பூவும் கிழங்கும் ஏறக்குறைய ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன.

சிறுகிழங்கோடு நின்றுவிடவில்லை. நாட்டு மொச்சையும் அவரையும் நீண்ட இரவுக்குப் பூப்பவை, துவரையும் அப்படியே. வள்ளிக்கிழங்கு பருப்பதற்கும் குறும்பகல் தூண்டுதல். பெங்களூரில் அவரைக்காய் மேளா டிசம்பர், ஜனவரியில் களைகட்டுவதும் இதனால்தான். தை முதல் நாள் இலையில் விழுகிற கறிகளை ஒரு தட்டில் சேர்த்துப் பார்த்தால், நீண்டுவந்த இரவுகள் விளைவித்தவை பல இருக்கும். பனங்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்தால் முளை கீழ்நோக்கி இறங்கி மாவைச் சேர்த்துக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகும். கணக்குப் போட்டால் பொங்கல்.

பிறகு ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது? இரவு எல்லோருக்கும் ஒன்றென்றாலும் மண் ஒன்றில்லை. சிறுகிழங்குக்கு நீர் தேங்காத பொலபொலப்பான மண் வேண்டும். காவிரிப் படுகையில் தை வரை சம்பா நெல் நிற்கும். தண்ணீர் கட்டிய களிமண்ணில் கிழங்கு அழுகிப்போகும். அங்கே காய் கிடைப்பது வரப்பிலும் வேலியிலும் கொல்லையிலும். அதனால் மொச்சை, அவரை, பறங்கி. பொங்கல் கறியில் கேரட், கோஸ் போன்ற ‘இங்கிலீஷ் காய்’ சேர்க்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பறங்கியும் சர்க்கரைவள்ளியும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கேரட் மத்திய ஆசியாக்காரர். பறங்கியைவிட நமக்குப் பக்கத்து ஊர். எந்தக் கடல் தாண்டி வந்தது என்று பாட்டிகள் கேட்டதில்லை. மார்கழியில் நம் கொல்லையில் காய்க்கிறதா என்று மட்டும் பார்த்து ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். சரியான கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேனையும் பிடிகருணையும் இலைக்கு வருவதற்கு முன் ஒரு கண்டத்தைத் தாண்ட வேண்டும். அது நமைச்சல். இவற்றின் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆனால் ஊசி மட்டும் குற்றவாளி இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் கிவிப் பழத்து ஊசிகளையும், புரதத்தைச் சிதைக்கும் நொதியையும் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியே கொடுத்தபோது பெரிய பாதிப்பில்லை. சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் செத்தன. ஊசி துளை போடுகிறது, நொதி அந்தத் துளை வழியாக உள்ளே போகிறது. சேனையிலும் வேலை இந்த மாதிரிக் கூட்டணியால்தான் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் அடுப்படி அனுபவம் புரியும். கொதிக்கும் நீரில் ஊசி கரையாது, புரதம் கெட்டுப்போகும். அரைவேக்காட்டுச் சேனை தொண்டையை அறுப்பதும் நன்றாக வெந்தது சாதுவாக இருப்பதும் அதனால்தான். புளிக்கரைசல் விட்டு வேகவைப்பதை நெல்லைச் சமையல்காரர்கள் விடமாட்டார்கள். பிடிகருணையை வாங்கியதும் சமைக்காமல் பல நாள் போட்டுவைத்துப் பழசாக்குவதும் பழைய முறை.

இனி இரண்டாவது காரணம்: நாக்கு, சரியாகச் சொன்னால் மூக்கு. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் மையத்தின் ஜூலி மென்னெல்லாவும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. கருவுற்ற பெண்களில் ஒரு பகுதியினர் கடைசி மூன்று மாதத்தில் சில வாரங்கள் கேரட் சாறு குடித்தார்கள். இன்னொரு பகுதியினர் பாலூட்டும்போது குடித்தார்கள். மூன்றாவது பகுதியினர் தண்ணீர் மட்டும். பிறகு குழந்தைகளுக்குக் கேரட் சாற்றில் குழைத்த கூழ் ஊட்டினார்கள். முன்பே கேரட் வாசனை அறிந்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. தாய் தின்றதன் வாசனை பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்குகிறது. 2000-இல் பிரான்ஸில் சோம்பு வாசனையிலும் இதே முடிவு வந்தது. 2022-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார், தாய் கேரட் மாத்திரை விழுங்கியபோது வயிற்றுக் குழந்தை சிரிப்பதுபோல முகத்தை வைத்ததையும், கேல் கீரை மாத்திரைக்கு அழப்போவதுபோல வைத்ததையும் ஸ்கேனில் பதிவு செய்தார்கள்.

கார்த்திகை, மார்கழியில் கருவுற்றிருக்கும் நெல்லைப் பெண் தின்னும் சிறுகிழங்குப் பொரியலில் சீரகமும் பூண்டும் தேங்காயும் இருக்கின்றன. அவற்றில் பூண்டு பனிக்குட நீருக்குப் போகிறது என்பதற்குச் சோதனையே உண்டு. வாசலில் பொங்கல் பானை வைக்கும் நாளில் பிள்ளை பிறந்திருக்காவிட்டாலும் பந்தியில் பாதி உட்கார்ந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அப்படியானால் ஒரே வீட்டில், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று சேனையைக் கண்டாலே ஏன் ஓடுகிறது? புதிய உணவை மறுக்கும் குணத்தில் பிள்ளைகளுக்குள் உள்ள வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணுவைச் சார்ந்தது என்று 2007-இல் லூசி குக் குழுவினர் 8 முதல் 11 வயதுள்ள பிரிட்டிஷ் இரட்டையரிடம் நடத்திய ஆய்வில் கணக்கிட்டார்கள். பெரியவர்கள் வளர்ப்பைக் குறை சொல்லி மருமகளைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பாதி மரபணு அவர்கள் மகன் கொடுத்தது.

மரபணு வழி மறித்தாலும் திரும்பத் திரும்பச் சுவைப்பது வழி திறக்கும். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய உணவுகளை 20 முறை வரை கொடுத்துப் பார்த்த லியன் பர்ச்சின் 1982 ஆய்வில், எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்குப் பிடித்தது. நம் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வளரும் பிள்ளைக்குச் சிறுகிழங்கு வருஷத்தில் ஒரு நாள், பொங்கலன்று மட்டும் இலையில் விழுகிறது. பத்து முறை ருசிப்பதற்குள் வயது பத்தைத் தாண்டிவிடும். கடையத்தில் வளரும் பிள்ளையோ மார்கழியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு முறை தின்று ஒரே பருவத்தில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. பெருநகரத்து வீடுகளில் சிறுகிழங்கின் இடத்துக்கு உருளைக்கிழங்கு வந்து உட்காருவதில் ஆச்சரியமில்லை.

இப்போது இரவை எண்ணாத ரகங்கள் வந்துவிட்டன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு மூலம் உருவாக்கிய ‘சுபலா’ சிறுகிழங்கை ஆண்டு முழுவதும் பயிரிடலாம். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை ரகங்களும் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. சித்திரையிலும் சிறுகிழங்கு கிடைத்தால் பொங்கலுக்கு என்ன விசேஷம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த வழக்கில் நான் பிள்ளைகள் பக்கம். நாலு மாதத்துக்கு ஒருமுறையாவது இலையில் விழுந்தால்தான் தை முதல் நாளில் அதைத் தேடுகிற ஆள் வீட்டில் இருப்பார். கோணிப்பையில் போட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் இந்த முறையாவது ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம்.